நல்லதண்ணி ஓடையும் நம் வீட்டுக் குழாயும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உம்மா, இந்த முறை எங்கே போறோம்?" வேன் பிடித்து நுவரெலியா போய், ஏரிக்கரையில் சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதே பல குடும்பங்களுக்குச் சுற்றுலா. மர நிழலில் நடந்து, ஓடையைக் கடந்து, மலையேறுவதெல்லாம் ஆண்பிள்ளைகளின் காரியம் என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோம். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை, சகோதரிகளே! முறையாகத் தயாராகிச் சென்றால் தாய்மாரும் பெண்பிள்ளைகளும் ஏறி இறங்கக்கூடிய வழி ஒன்று ஹட்டன் பக்கத்தில் இருக்கிறது.

பாவா ஆதம் மலைக்குப் போகும் வழிதான் அது. பௌத்தர்கள் அதை ஸ்ரீபாத என்பார்கள்; இந்துக்களுக்கு அது சிவனொளிபாத மலை. ஆதிபிதா ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறங்கிய இடம் இதுவே என்ற நம்பிக்கை முஸ்லிம்களிடையே பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. திருக்குர்ஆனில் இடத்தின் பெயர் சொல்லப்படவில்லை. ஆனாலும் அரபு நாட்டுப் பயணிகள் இந்த மலையைத் தேடி வந்ததற்கு அந்த நம்பிக்கையே காரணம்.

மொரோக்கோவைச் சேர்ந்த இப்னு பதூதா 1344-ஆம் ஆண்டில் புத்தளம் கரையில் இறங்கினார். யாழ்ப்பாணத்துத் தமிழ் அரசரான ஆரியச் சக்கரவர்த்தி, அவருக்குப் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பிவைத்தார். மலைக்கு 'பாபா வழி', 'மாமா வழி' என்று இரண்டு பாதைகள் இருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். ஒன்று தந்தை ஆதமின் பெயரால், மற்றது அன்னை ஹவ்வாவின் பெயரால். உச்சிக்கு அருகே பாறையில் இரும்புச் சங்கிலிகள் பத்து இருந்தனவாம். பத்தாவதற்குப் பெயர் 'ஷஹாதாச் சங்கிலி'. அங்கே நின்று கீழே பார்த்தவர்கள் விழுந்துவிடுவோமோ என்று பயந்து கலிமா சொல்வார்களாம்! இன்று ஹட்டன் வழியில் அந்தப் பயம் இல்லை. படிகளும் கைப்பிடிக் கம்பிகளும் இருக்கின்றன.

போகும் வழி

கொழும்பிலிருந்து வரும் மலையக ரயில் பாதை 1884-இல் ஹட்டனை எட்டியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலையகத்தின் ரயில் பாதைகளையும் சாலைகளையும் கடுமையாகச் சேதப்படுத்தியது. ஆகவே ரயில் ஓடுகிறதா, சாலை திறந்திருக்கிறதா என்று விசாரித்த பின்பே புறப்படுங்கள்.

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக பஸ்ஸில் சுமார் 30 கிலோமீற்றர் போனால் மலையடிவாரம். அந்த ஊரின் பெயர் நல்லதண்ணி. அங்கிருந்து 2,243 மீற்றர் உயரமுள்ள உச்சிக்கு 5,000-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு ஏற நாலு மணி நேரம், இறங்க மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சாலையில் ஒரு நிமிடம் மனதை நிறுத்த வேண்டிய இடமும் உண்டு. ஏழு கன்னியர் மலை என்ற தொடர் கண்ணில் படும். 1974 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வந்த விமானம் கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு முன் அந்த மலையில் மோதியது. 182 ஹஜ்ஜுப் பயணிகளும் 9 ஊழியர்களும் அதில் மாண்டார்கள். கஃபாவைக் காணப் புறப்பட்டவர்களுக்கு நம் நாட்டு மலையிலே முடிவு எழுதப்பட்டிருந்தது. கடந்து போகும்போது அவர்களுக்காக ஒரு துஆ செய்யுங்கள்.

நிழலும் நீரும்

உச்சிக்கு மக்கள் போகும் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கில் முடியும். அந்த மாதங்களில் பாதை நெடுகிலும் விளக்கு எரியும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். சூரிய உதயம் பார்ப்பதற்காகப் பெரும்பாலோர் இரவில் ஏறுவார்கள். பிள்ளைகளோடு போகும் குடும்பங்களுக்குப் பகல் நடையே ஏற்றது. சுப்ஹுத் தொழுதுவிட்டுக் கிளம்புங்கள். கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும், படி தெரியும், ஓடை தெரியும்.

முதலில் தேயிலை மலை. பக்கத்திலேயே ஓடைகளின் சலசலப்பு கேட்கும். அலங்கார வளைவையும் ஜப்பானிய பௌத்தர்கள் கட்டிய வெண்ணிறத் தாதுகோபத்தையும் தாண்டியதும் 'சீத கங்குல' வரும். சிங்களத்தில் அதற்குக் 'குளிர்ந்த ஆறு' என்று பொருள். கை வைத்தால் விரல் மரத்துப் போகும்! பௌத்தர்கள் அங்கே கைகால் கழுவித் தூய்மை செய்துகொண்டுதான் மேலே ஏறுவார்கள். அங்கிருந்து படிகள் செங்குத்தாகும். காட்டு நிழலும் கூடும். பாசி படர்ந்த மரங்களும் பெரணிச் செடிகளும் மேகத்தில் நனைந்தபடியே நிற்கும். இந்தக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைகளும் 2010-இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன.

ஓடையிடம் கவனம்!

மலை ஓடை பார்க்கச் சாது. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டியிருக்கலாம். அந்தத் தண்ணீர் செங்குத்தான சரிவில் சில நிமிடங்களில் கீழே வந்து சேர்ந்துவிடும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறிவிடுங்கள். பாலம் இருக்கும்போது, படம் எடுப்பதற்காகப் பாறை தாவ வேண்டாம். வெள்ளம் முழங்காலைத் தொட்டால் பெரியவர்களையும் புரட்டிவிடும். பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா! மழை விட்டபின் மலை ஓடை வடிவதும் விரைவுதான். மேட்டில் நின்று காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

டித்வா புயலின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளி வையுங்கள். மலை எங்கும் ஓடிவிடாது.

என்ன உடுப்பது, என்ன எடுப்பது?

தரையைத் தொடும் உடை படியில் தடுக்கும், நனைந்தால் கனக்கும். கணுக்கால் வரையுள்ள தளர்ந்த சல்வாரும் நீண்ட மேற்சட்டையும் வசதி. உச்சியில் காற்று பலமாக வீசும். தலைத்துணியை இறுக்கமாகக் குத்திக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் அவசியம். வழுக்காத அடியுள்ள சப்பாத்து போடுங்கள். செருப்பு வேண்டாம்.

மழை நாளில் அட்டை கடிக்கும். இப்னு பதூதாவும் இந்த அட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். மலைக்குப் போகிறவர்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து, அதன் மேல் பிழிவார்களாம். சுமார் 680 ஆண்டுகள் கழிந்தும் அந்த மருந்து மாறவில்லை! உப்பும் உதவும். அட்டை விழுந்தபின் இடத்தைக் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும்.

பேரீச்சம்பழம், வேகவைத்த கடலை, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஆகியவை போதும். ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். இருதய நோய், ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் ஏற வேண்டாம். இயலாதவர்கள் சீத கங்குல வரை நடந்துவிட்டுத் திரும்பினாலும் அது நல்ல நடைதான்.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

நம் வீட்டுப் பெண்கள் முக்கியமாக அறிய வேண்டியது இதுதான். நல்லதண்ணிப் பக்கத்து ஓடைகள் மஸ்கெலியா ஓயாவில் சேர்ந்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் விழுகின்றன. 1969-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் இடிபாடுகள் வெளியே தெரியும். அங்கிருந்து மின் நிலையங்களைச் சுழற்றிவிட்டு அந்த நீர் களனி கங்கையாகிறது. கொழும்புக்கு அருகே அம்பத்தலையில் அதை எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறார்கள். நீங்கள் சோறு வடிக்கும் தண்ணீரில் சீத கங்குலவின் துளியும் இருக்கிறது!

அதற்கும் முன்பே, அடிவாரத்து லயங்களில் வாழும் பெண்கள் பீலியில் குடம் வைத்துப் பிடிப்பது இந்த மலைத் தண்ணீரைத்தான். கொழுந்துச் சுமையோடு அன்றாடம் இந்தச் சரிவுகளில் ஏறி இறங்குபவர்கள் அவர்கள். மேலே நாம் வீசும் பொலித்தீன் பையும், குழந்தையின் அழுக்குத் துணியும், சவர்க்கார நுரையும் முதலில் போய்ச் சேருவது அவர்கள் குடத்துக்கு.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யாதே என்று சிறு வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். விரயமே கூடாது என்றால் அசுத்தப்படுத்துவது எப்படித் தகும்? ஓடையில் சவர்க்காரம் போடாதீர்கள். கொண்டுபோனதை ஒரு பையில் கட்டி நல்லதண்ணிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்தப் பையைத் தூக்கும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். உச்சி பிற சமயத்தவரின் வணக்கத்தலம். அங்கே சத்தமும் கேலியும் வேண்டாம்.

அடுத்த விடுமுறைக்கு இன்ஷா அல்லாஹ் போகலாம் என்று நினைப்பவர்கள், இன்றிலிருந்தே தினம் அரை மணி நேரம் நடக்கத் தொடங்குங்கள். மாடிப்படி இருந்தால் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். முழங்கால் பழகட்டும்!