தலைகீழாகத் துயிலும் எமது தீவின் கிளி

கிளி என்றதும் எமது நினைவுக்கு வருபவை, வயல்வெளிகளிற் கூட்டமாகப் பறந்து கதிர் கொய்யும் பச்சைக்கிளிகளும், சோதிடரின் கூண்டிலிருந்து சீட்டெடுக்கும் கிளியுமே. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் வாழாத கிளியினங்கள் இரண்டு எமது நாட்டில் உள்ளன என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. அவற்றுள் மிகச் சிறியது இலங்கைத் தொங்கும் கிளி. சிங்கள மக்கள் இதனைக் 'கிராமலித்தா' என்று அழைக்கின்றனர். 1781ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்ட இப்பறவையை, அதனுடைய சொந்த நாட்டு மக்களாகிய நாம் இன்னும் சரிவர அறிந்துகொள்ளவில்லை.

இதன் நீளம் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் மாத்திரமே. அதாவது, ஒரு சிட்டுக்குருவியின் அளவு. உடல் முழுவதும் பச்சை நிறம்; உச்சந்தலையும் வாலின் மேற்பகுதியும் செந்நிறம். வால் மிகவும் குறுகியது. இளங்குஞ்சுகளுக்குத் தலையில் அச்செந்நிறம் இருப்பதில்லை. இலைகளுக்கிடையே அமர்ந்துவிட்டால் இதனைக் கண்டுபிடிப்பது கடினம். பறக்கும்போது எழுப்பும் கூர்மையான ஒலியே இதன் வருகையைப் பெரும்பாலும் உணர்த்துகிறது.

பெயருக்கேற்ப இப்பறவை வௌவாலைப் போன்று கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கியபடியே உறங்குகிறது. அவ்வேளையில் அதனை ஓர் இலையென்றே எண்ணத் தோன்றும். மலர்த்தேன், கனிகள், விதைகள், பூக்கள் என்பன இதன் உணவு. முள்முருக்கு பூக்கும் காலத்தில் அம்மரங்களை நாடி வரும். கித்துள் பாளையிலிருந்து வடியும் இனிய சாற்றிலும் இதற்கு விருப்பமுண்டு.

கூடு அமைக்கும் முறையும் விந்தையானது. ஏனைய பறவைகளைப் போன்று அலகிற் கவ்விச் செல்லாமல், பெண்பறவை இலைகளைக் கீலங்களாகக் கிழித்துத் தனது இறகுகளுக்கிடையே செருகிக்கொண்டு மரப்பொந்துக்கு எடுத்துச் செல்கிறது. அவ்விலைகளைப் பரப்பி வழமையாக இரண்டு அல்லது மூன்று முட்டைகளை இடுகிறது. பொந்துள்ள முதிர்ந்த மரம் இல்லையேல் இக்கிளிக்கு அடுத்த தலைமுறை இல்லை. இப்பறவையின் எதிர்காலம் தங்கியிருப்பது இந்த உண்மையிலேதான்.

தொங்கும் கிளியின் பிரதான வாழிடம் நாட்டின் ஈரவலயமாகும். 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோவினால் உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்யப்பட்ட சிங்கராஜ வனத்திலும், கண்டியைச் சூழ்ந்த பகுதிகளிலும் இதனைக் காணலாம். ஆனால் நாட்டில் மக்கள் நெருக்கமாக வாழ்வதும் இதே ஈரவலயத்திற்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிச் செய்கைக்காக மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டன. 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைச் செய்கை பின்னர் அந்நிலங்களைத் தனதாக்கிக்கொண்டது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வியர்வையில் விளைந்த அச்செல்வத்திற்கு விலையாகக் கொடுக்கப்பட்டவற்றுள் இக்காடுகளும் அடங்கும். ஒரு காலத்தில் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கை மூடியிருந்ததாக மதிப்பிடப்படும் எமது காடுகள், இன்று மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகிவிட்டன.

இவ்வளவுக்குப் பின்னரும் தொங்கும் கிளி அழிந்துபோகவில்லை என்பது ஆறுதலளிக்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் பட்டியலில் இது சேர்க்கப்படவில்லை. இதற்குக் காரணம், காட்டை மாத்திரம் நம்பியிராது மனிதர் வளர்த்த மரங்களிலும் அது வாழப் பழகிக்கொண்டமையே. பலாவும் தென்னையும் கித்துளும் செறிந்த கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களும், தேயிலைக்கு நிழல் தரும் மரங்களும் இதற்கு உணவளிக்கின்றன.

எனினும் இந்த ஆறுதலில் நாம் அயர்ந்துவிடலாகாது. இந்து சமுத்திரத்தின் ஏனைய தீவுகளில் நிகழ்ந்தவை எமக்குப் பாடமாகும். ரொட்ரிகஸ் தீவுக்கே உரிய கிளியொன்று 1875ஆம் ஆண்டுக்குப் பின்னர் எவர் கையிலும் கிடைக்கவில்லை, அது அற்றுப்போயிற்று. மொறிசியஸ் தீவின் கிளியினம் 1980களில் ஏறக்குறைய பத்துப் பறவைகளாகச் சுருங்கி, பல ஆண்டுகாலக் கடும் முயற்சியின் பின்னரே மீண்டும் நூற்றுக்கணக்கில் பெருகியது. பெருநிலத்துப் பறவை வேறிடம் செல்லலாம். தீவின் பறவைக்கோ கடலைத் தவிர வேறு திசை இல்லை.

எமது நாட்டில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையிலும் இலங்கை 1979 முதல் அங்கம் வகிக்கிறது. ஆயினும் வீட்டு வேலியோரத்தில் நிற்கும் முதிர்ந்த மரத்தைக் காக்கச் சட்டத்தின் கை நீள்வதில்லை. காணித் துண்டாடலும் வீடமைப்பும் பெருகும் இக்காலத்தில், பொந்து விழுந்த மரம் பயனற்றதெனக் கருதப்பட்டு முதலில் வெட்டப்படுகிறது. எமக்குப் பயனற்ற அம்மரமே இக்கிளிக்கு வீடு.

எனவே ஆபத்தில்லாத முதிய மரமொன்றை வெட்டத் துணியுமுன், அதன் பொந்திற் குடியிருப்பது யார் என்று ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்போமாக. கூட்டிலிருந்து எடுக்கப்பட்ட குஞ்சு விலைக்கு வரும்போது வேண்டாமென மறுப்போமாக. இத்தீவில் வாழும் எம்மைப் போன்றே, இச்சிறு பறவைக்கும் இதுவே தாயகம். அதற்கு வேறொரு தாயகம் இல்லை.