ஐந்து சான்றுகளும் ஆறாவது எண்ணும்

ஒரு விதி ஐந்து இடங்களில் பொருந்தினால், ஆறாவது இடத்திலும் பொருந்தும் என்று கொள்ளலாமா? களத்தில் அளவெடுப்போர்க்கும் வகுப்பில் கணிதம் கற்பிப்போர்க்கும் அடிக்கடி எழும் வினா இது. இதற்கு விடை பகரும் எண் ஒன்று உண்டு. அது 429,49,67,297.

இரண்டின் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65,537 என்னும் எண்கள் கிடைக்கும். இவை ஐந்தும் பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. அடுக்கை மேன்மேலும் இரட்டித்தால் வரும் எண்களெல்லாம் பகா எண்களே என்று பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பெர்மா 1640-இல் கருதினார். திட்டமான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. இவ்வரிசையில் ஆறாவதாக நிற்பது, இரண்டின் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிய நமது எண்ணே.

இது பகா எண்தானா என்று நேரே காண்பதற்கு, இதன் வர்க்கமூலம் வரையுள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஆனால் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர், இது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732-இல் காட்டினார். ஈவு 67,00,417. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 ஆகும் என்பதையும் அவர் பின்னர் நிறுவினார். இவ்விதிப்படி சோதிக்கத்தக்க பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வருகின்றன. ஐந்தாம் வகுத்தலிலேயே விடை கிட்டிவிடுகிறது!

பெரிய வகுத்தலின்றியும் மாணவர் இதனைச் சரிபார்க்கலாம். இரண்டின் 16-ஆம் அடுக்கு 65,536. இதை 641-ஆல் வகுக்க மீதி 154. 154-இன் வர்க்கம் 23,716. இதை 641-ஆல் வகுக்க மீதி 640. எனவே இரண்டின் 32-ஆம் அடுக்கை வகுத்தாலும் மீதி 640 ஆகும். அதனோடு ஒன்றைக் கூட்டினால் 641; மீதி ஒன்றுமில்லை.

ஆறாவது எண் முதலாகத் தொடர்ந்து வரும் 28 எண்களும் பகா எண்கள் அல்ல என்பது இன்று தெளிவாகியுள்ளது. முதல் ஐந்துக்குப் பின் இவ்வரிசையில் வேறொரு பகா எண் இதுவரை கண்டறியப்படவில்லை.

கணிதத்தில் ஐயத்தைத் தீர்ப்பது நிரூபணம். களப்பணியில் அத்தகைய நிரூபணம் கிட்டுவதில்லை. ஆதலின், ஐந்து இடங்களில் கண்டதை ஐந்து இடங்களில் கண்டதாகவே குறித்தல் வேண்டும். எங்கும் அப்படியே என்று எழுதுவதற்குமுன் ஆறாவது இடத்தையும் சென்று பார்த்தல் நன்று.