அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில்

கொத்மலையில் ஹப்புகஸ்தலாவ எங்கள் ஊர். ஜும்ஆ முடிந்ததும் கடையில் இருந்து, கேட்டு வருபவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். அண்மையில் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் முதியோர் கொடுப்பனவுக்காக வந்தார். அடையாள அட்டைப்படி வயது 62.

“இன்னும் எட்டு வருஷம் போகணும்மா.”

“அம்பத்தஞ்சுல வேலய விட்டு நின்னுட்டேன் நானா. அதுவரைக்கும் என்னா செய்றது?”

அவர் கேட்டது நம் அரசுக் கொள்கையின் ஓட்டையை. முதுமைக்கு இந்நாட்டில் மூன்று வயதுகள் உண்டு. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50லும் ஆண்கள் 55லும் எடுக்கலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி 60 வயதானவர் முதியவர். மாதக் கொடுப்பனவோ 70ஐக் கடந்த வறியவர்களுக்குத்தான். 2021இல் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கினார்கள். ஆனால் மலைச்சரிவில் ஏறி இறங்கும் முழங்கால் அதுவரை தாங்குவதில்லை.

அரச ஊழியருக்குச் சாகும்வரை மாதம் மாதம் ஓய்வூதியம். தோட்டத் தொழிலாளிக்கோ, 1958இல் வந்த சேமலாப நிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும். தொழிலாளி 8, முதலாளி 12 என நூற்றுக்கு 20 வீதம் சேர்ந்த பணம் அது. மகளின் கல்யாணம், அடகு நகை, பழைய கடன் என்று கரைந்துவிடும். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோதும் வங்கிகளை விட்டுவிட்டு இந்த நிதியின் தலையில்தான் சுமையை வைத்தார்கள்.

70ஐத் தாண்டினாலும் நிலை பெரிதாக மாறாது. 2025 வரவு செலவுத் திட்டம் கொடுப்பனவை 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது நாலு நாள் கூலிக்கும் குறைவு.

பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை ஓதி வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் நாட்கூலிப் பிள்ளையிடம் வாங்கிக் கொடுக்க எந்தச் சபையாலும் முடியாது.

உமர் (ரலி) அவர்கள் பிச்சை கேட்ட யூத முதியவர் ஒருவரைக் கண்ட செய்தியை இமாம் அபூ யூசுப் ‘கிதாபுல் கராஜ்’ஜில் பதிந்திருக்கிறார். உமர் அவருக்குத் தன்னிடமிருந்ததைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பைத்துல்மாலிலிருந்து உதவி ஏற்பாடு செய்தார். ஜிஸ்யா வரியையும் நீக்கினார். இளமையில் வரி வாங்கிய அரசு, முதுமையில் கைவிடுவது அநீதி என்பதே அவரது நியாயம்.

தேயிலையால் அந்நியச் செலாவணி ஈட்டிய அரசுக்கும் இதே நியாயம்தான். நம் ஊரில் சேமலாப நிதியே இல்லாத சிறுகடைக்காரரும் நாட்டாமைகளும் எத்தனை பேர்! ஸகாத்தும் ஸதகாவும் ஒரு மாதத்தைக் கடத்தும். பத்து வருடத்தைக் கடத்தாது. கொடுப்பனவு வயதை 60க்கு இறக்கும் கோரிக்கையைப் பள்ளிவாசல்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே எழுப்ப வேண்டும்.

அந்த அம்மாவின் படிவம் இன்னும் என் லாச்சியில் இருக்கிறது.