மேக்ரோவும் மின்னோட்டமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் பழைய இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகள் பல உண்டு. அவற்றின் தூண்டல் உலைகளில், செப்புச் சுருளின் வழியே பாயும் மாறுமின்னோட்டமானது உலோகத்திற்குள்ளேயே உஷ்ணத்தை உண்டாக்கி அதை உருக்குகிறது. அந்த மின்னோட்டத்தையும், மின்னழுத்தத்தையும், இரண்டுக்கும் இடையிலுள்ள கட்ட வித்தியாசத்தையும் ஒருங்கே கணிப்பதற்குக் கலப்பெண்களைப் போல் உதவும் கணித சாதனம் வேறில்லை.

1972-ஆம் ஆண்டையொட்டி பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி, 1999-ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில்தான் கலப்பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்பொழுதே, 'ஐ' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தைக் கற்பனை அலகுக்குரிய மேக்ரோவாகவும் ஆக்கிவிட்டது. மின்பொறியாளருக்கோ அதே எழுத்துத்தான் மின்னோட்டத்தின் சம்பிரதாயக் குறி.

மேக்ரோ என்பது மாறியுமன்று, சார்புமன்று. கம்பைலர் நிரலைப் பரிசீலிப்பதற்கு முன்பே, ஒரு பெயர் தென்படும் இடந்தோறும் வேறொன்றை முன்செயலி பிரதியிட்டுவிடும் ஏற்பாடே அது. இந்தச் சார்புக்குள் மட்டும் வழங்கும் பெயர் என்றோ, ஸ்ட்ரக்சர் ஒன்றின் உறுப்பு என்றோ அது பேதம் பாராட்டுவதில்லை. ஆகையால், 'காம்ப்ளெக்ஸ்' தலைப்புக் கோப்பைச் சேர்த்த நிரலில் 'டபுள் ஐ' என்று உலை மின்னோட்டத்துக்கு ஒரு மாறியை அறிவித்தால், பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மாறிலி வந்து நிற்க, கம்பைலர் அவ்வரியைப் பிழையென்று நிராகரிக்கும். எழுதியவர் கண்ணுக்கோ அதில் எள்ளளவும் குற்றம் தெரியாது.

இதற்குத் தரநிர்ணயமே ஒரு விசேஷ அனுமதி தந்திருக்கிறது. கோப்பைச் சேர்த்த மறுவரியிலேயே 'அன்டெஃப்' கட்டளையால் அந்த மேக்ரோவை நீக்கிவிடலாம். கற்பனை அலகு வேண்டியவிடத்து, அடிக்கோட்டில் தொடங்கும் 'காம்ப்ளெக்ஸ் ஐ' என்ற நீண்ட பெயர் அப்போதும் கைகொடுக்கும். 'இஸ்டிஜிட்' போன்ற நூலகச் சார்பை அதே பெயருள்ள மேக்ரோ மறைத்திருந்தால் உபாயம் இன்னும் நேர்த்தியானது: பெயரை மட்டும் அடைப்புக்குறிக்குள் இட்டு அழைத்தால், அதை அடுத்துத் திறப்புக்குறி வராமையால் மேக்ரோ விரியாது, அசல் சார்பே இயங்கும்.

ஆனால், 'எர்னோ', 'இஓஎஃப்' முதலிய நூலக மேக்ரோக்களை நீக்கிவிட்டு அப்பெயர்களை நம் மாறிகளுக்குச் சூட்ட நமக்கு உரிமையில்லை. அங்கே மாற வேண்டியது நம் பெயர்தான். என் அபிப்பிராயத்தில், அன்டெஃப் என்பது ஏற்கெனவே எழுதப்பட்ட பழைய நிரலைக் காப்பாற்றுவதற்கு உரியது. புதிதாக எழுதும் இளம் பொறியாளர்கள், மின்னோட்டத்துக்கு ஓரெழுத்தை விடுத்து 'ஃபர்னஸ் கரண்ட்' என்று முழுப்பெயரே சூட்டுவார்களாக.