பட்டா இருந்தால் வீடு கட்டலாமா?

நிலம் வாங்கப் போகிறவரிடம் ஊர்ப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'பட்டா இருக்கிறதா?' என்பதுதான். அடுத்து, 'வில்லங்கம் பார்த்தாயிற்றா?' என்பார்கள். இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்துவிட்டால் போதும் என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். அந்த நிலத்தில் சட்டப்படி என்ன செய்யலாம் என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்போர் மிகக் குறைவு.

தென்காசி மாவட்டத்தில் சிவகிரியை அடுத்துள்ளது ராயகிரி பேரூராட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டிய வேளாண் பகுதி அது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் 2018-இல் அப்பகுதியில் ஐந்து சென்ட் நிலம் வாங்கினார். வெளியூரில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம். பத்திரம் பதிவாயிற்று, பட்டாவும் அவர் பெயருக்கு மாறியது. வீடு கட்ட அனுமதி கேட்டபோதுதான் விண்ணப்பம் திரும்பி வந்தது. அங்கீகாரம் இல்லாத இடம் என்பதால் வங்கியும் கடன் தர மறுத்தது. விற்றவர் கல் நட்டு, பாதை விட்டுக் காட்டியது வீட்டுமனை. பத்திரத்தில் எழுதியிருந்ததோ 'புன்செய்'. அந்த ஒரு சொல்லின் பொருளை வாங்கியவர் கவனிக்கவில்லை.

அவரைக் குறை கூறிப் பயனில்லை. நிலத்தைக் குறிக்க நம்மிடம் இரண்டு அகராதிகள் இருக்கின்றன. ஒன்று வருவாய்த் துறையுடையது. மற்றொன்று நகர் ஊரமைப்புத் துறையுடையது. மக்களுக்குத் தெரிந்தது முதலாவது. வீடு கட்டலாமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவது.

நன்செய், புன்செய், மானாவாரி, தரிசு, தீர்வை முதலிய சொற்கள் நம் ஊர்களில் நெடுங்காலமாக வழங்குபவை. தாமஸ் மன்றோ காலத்தில் வேரூன்றிய ரயத்துவாரி முறை இவற்றை அரசுப் பதிவேட்டில் நிலைநிறுத்தியது. சிவகிரி போன்ற ஜமீன் பகுதிகளும் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அதே முறைக்குள் வந்தன. இந்த வகைப்பாட்டின் நோக்கம் ஒன்றே: இந்த நிலத்துக்குப் பாசனம் உண்டா, என்ன விளையும், எவ்வளவு தீர்வை விதிக்கலாம் என்று அறிவது. எனவே, பட்டா என்பது வருவாய்க் கணக்கில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஆவணம். கட்டடம் எழுப்பும் உரிமையை அது தானாக வழங்குவதில்லை.

இரண்டாவது அகராதி மிகவும் இளையது. சென்னை மாகாணத்தில் 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம் தயாரிக்கப்பட்ட ஊர்களில் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை எனப் பயன்பாட்டு மண்டலங்கள் வகுக்கப்படுகின்றன. ஒரு புல எண் எந்த மண்டலத்தில் வருகிறதோ, அதற்கேற்பவே அங்கு கட்டடம் எழுப்ப முடியும்.

இத்தகைய சொல் ஒன்றுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. தொழிற்சாலைக்காகக் காத்திருந்த நிலத்தின் ஒரு பகுதி குடியிருப்புக்கு என்று வரையறுக்கப்பட்டதால், ஏக்கருக்கு 10,000 டாலராக இருந்த மதிப்பு 2,500 டாலராகிவிட்டது என்று உரிமையாளரான நிறுவனம் வாதிட்டது. மண்டலம் வகுக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு உண்டு என்று 1926-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊர்களில் மாற்றம் பெரும்பாலும் எதிர்த்திசையில் நிகழ்கிறது. ஏக்கர் கணக்கில் வாங்கப்படும் வயல், மனை என்ற பெயரில் சென்ட் கணக்கில் விற்கப்படும்போது விலை பன்மடங்காகிறது. அந்த உயர்வு விற்பவருக்குச் சேர்கிறது. பெயர் மாற்றம் சட்டப்படி நிகழவில்லை என்றால் இழப்பு வாங்குபவருக்குச் சேர்கிறது.

தமிழ்நாட்டின் பெரும் பரப்பு இன்னும் முழுமைத் திட்டங்களுக்கு வெளியேதான் இருக்கிறது. திட்டம் இல்லை என்பதால் கட்டுப்பாடும் இல்லை என்று கருதக் கூடாது. திட்டமில்லாப் பகுதிகளில் வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கென 2017-இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. நன்செய் நிலமாயின் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படும். அதாவது, தீர்வைக்காக எழுதப்பட்ட பழைய சொல்லே அங்கு பயன்பாட்டு மண்டலத்தின் வேலையையும் செய்கிறது. இதை எத்தனை பேர் அறிவர்?

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அவ்வாண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாள் வரை விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வழிவகை செய்யப்பட்டது. அதன் பிறகு, மனை என்று எழுதினால் பதிவாகாது என்பதால், வேளாண் நிலம் என்றே எழுதி விற்கும் உத்தி தலைதூக்கியது. என் மாணவர் சிக்கியது இதில்தான். வாங்கிய ஆண்டு 2018 என்பதால் வரன்முறைத் திட்டமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற விளம்பரச் சொல்லும் இப்படித்தான் பலரை ஏமாற்றியது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் முதலில் வேண்டும். அதன் பிறகே உள்ளாட்சியின் இறுதி ஒப்புதல். தலைவரின் முத்திரை மட்டும் போதாது.

அளவுகளிலும் குழப்பம் உண்டு. பேச்சில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ், வரைபடத்தில் சதுர மீட்டர். பட்டாவில் 0.02.50 என்றிருந்தால் அது 250 சதுர மீட்டர், ஏறத்தாழ 6.18 சென்ட். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உயரமற்ற கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2 என்கின்றன. 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடி வரை கட்டலாம் என்பதே இதன் பொருள். ஆனால், விட வேண்டிய பக்க இடைவெளிகளை விட்டாக வேண்டும்.

இதில் வாங்குபவரின் நலன் மட்டும் அடங்கியிருக்கவில்லை. 'புறம்போக்கு' என்பது இன்று வசைச்சொல்லாகிவிட்டது. தீர்வைக் கணக்குக்குப் புறம்பான நிலம் என்பதே அதன் பொருள். குளம், ஓடை, மேய்ச்சல் வெளி, பாதை என ஊரின் பொதுவுடைமை முழுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். யாருக்கும் உரியதல்ல என்று அதைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விலையை ஆக்கிரமிக்கப்பட்ட நீர்நிலைகளில் காண்கிறோம். குளத்துப் பாசனத்தில் விளையும் நன்செயில் ஒரு துண்டு மனையாகும்போது, வாய்க்கால் அடைபட்டு அடுத்த வயலும் காய்கிறது. பயன்பாட்டுக் கட்டுப்பாடு இருப்பது அந்த அண்டை விவசாயிக்காகவும்தான்.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வழங்கப்படுகிறது. வரவேற்கத்தக்க சீர்திருத்தம். ஆனால், உறுதிமொழி தரும் பொறுப்பு குடிமகனிடம் வந்துவிட்ட பிறகு, எதற்கு உறுதி தருகிறோம் என்பது அவருக்குப் புரிய வேண்டும்.

அரசு செய்யக்கூடியவை எளியவை. இணையத்தில் கிடைக்கும் பட்டாவில் நன்செய், புன்செய், தீர்வை ஆகியவற்றுடன் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு எது என்று ஒரு வரி சேர்க்கலாம். மனைப்பிரிவு ஒப்புதல் உண்டா, இல்லையா என்பதையும் அதிலேயே குறிக்கலாம். ஒவ்வொரு பேரூராட்சி அலுவலகத்திலும் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியலையும் நீர்நிலைகளைக் காட்டும் வரைபடத்தையும் தமிழில் வைக்கலாம். இரு துறைகளிடமும் இத்தகவல்கள் இருக்கின்றன. அவற்றை ஒரே தாளில் சேர்ப்பதுதான் மிச்சம்.

அதுவரை, முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு ஒப்புதல் ஆணை. மூன்றாவது தாள் இல்லையென்றால், நீங்கள் வாங்குவது மனையல்ல, வயல். வயலாக உழ விரும்பினால் வாங்கலாம். என் மாணவர் இன்றும் வாடகை வீட்டில்தான் குடியிருக்கிறார். அவருடைய ஐந்து சென்ட் இன்றும் புன்செய்யாகவே இருக்கிறது.