உங்களுக்குத் தெரியுமா? 445-ஐ யாருக்குத் திறக்கிறீர்கள்?

அலுவலகத்தில் ஒரு ஃபோல்டரை எல்லோரும் பயன்படுத்த வேண்டும். ஃபயர்வாலில் எத்தனை போர்ட் திறக்க வேண்டும்? ஒன்றே ஒன்று: டிசிபி 445. விண்டோஸ் சர்வருக்கும் அதுதான், லினக்ஸில் ஓடும் சாம்பாவுக்கும் அதுதான்.

137, 138, 139 எதற்கு? அவை நெட்பயாஸ் காலத்து எண்கள். முதல் இரண்டும் யுடிபி, மூன்றாவது டிசிபி. விண்டோஸ் 2000 வந்தபோதே நெட்பயாஸின் துணையில்லாமல் 445 வழியாக நேரடியாகப் பேசும் வசதி வந்துவிட்டது. ஆனாலும் பழைய கையேட்டைப் பார்த்து நான்கையும் திறந்துவைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக ஒரு ஷேர் உருவாக்கினால் இந்த மூன்றும் தானாகத் திறப்பதில்லை. நல்ல முடிவு, இன்னும் முன்பே எடுத்திருக்கலாம்.

சாம்பாவை எழுதத் தொடங்கியவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தே ஃபைல் பகிரும் நெறிமுறையைப் புரிந்துகொண்டார். முதல் பதிப்பு வெளியானது 1992-இல்.

2017 மே 12. வான்னகிரை என்ற புழு உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் கணினிகள் முடங்கி, அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த வழி 445. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. இணையத்தில் 445 திறந்திருந்த கணினிகளை அதுவே தேடியது. ஒன்றில் புகுந்ததும் அதே நெட்வொர்க்கில் இருந்த மற்றவற்றுக்குத் தாவியது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் அவகாசம் இருந்தும் பலர் அதைப் போடவில்லை என்பதுதான் வேதனை.

ஆகவே போர்ட்டைத் திறப்பதோடு வேலை முடிவதில்லை; யாருக்குத் திறக்கிறோம் என்பதே முக்கியம். உங்கள் அலுவலக முகவரிகள் 192.168.1.0/24 என்றால், அந்த வரம்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வெளியூரிலிருந்து ஃபைல் எடுக்க வேண்டியவர்கள் விபிஎன் வழியாக வரட்டும்.

பிங் போகிறது, ஷேர் மட்டும் திறக்கவில்லையா? பிங் செல்வது ஐசிஎம்பி வழியாக. அதற்குப் போர்ட் எண்ணே கிடையாது. பிங் போவதை வைத்து 445 திறந்திருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

ரெட் ஹாட், ஃபெடோரா சர்வர்களில் ஃபயர்வால்டி இருக்கும். அதில் விதி எழுதும்போது ‘பர்மனென்ட்’ என்று குறிப்பிடாவிட்டால், ரீபூட் செய்ததும் விதி காணாமல் போய்விடும்.

யூனிக்ஸ் உலகில் ஃபோல்டர் பகிரும் வேலையைச் செய்வது என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் தந்தது. அதன் மூன்றாம் பதிப்புக்கு 2049 மட்டும் போதாது. 111 வேண்டும், மவுன்ட் செய்யும் சேவைக்குத் தனிப் போர்ட்டும் வேண்டும். அந்த எண்ணை நாமே நிலையாகக் குறித்துவைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால், ஃபயர்வால் விதி எழுதுவதே பெரும்பாடு. நான்காம் பதிப்புக்கு மாறிவிட்டால் 2049 ஒன்றே போதும்.

இன்றே உங்கள் ரௌட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் 445 இருந்தால் உடனே நீக்கிவிடுங்கள்.