குளிர்ந்த காற்றுக்குக் காசு கொடுக்கும் முன்

பண்டமாரான் பக்கமாகக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளின் முகப்பில், ரேடியேட்டரை ஒட்டி இன்டர்கூலர் இருக்கும். டர்போ காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இன்டர்கூலர் அதைக் குளிரவைத்து அனுப்பினால் அதே சிலிண்டரில் கூடுதல் காற்று அடங்கும், கூடுதல் எரிபொருள் எரியும், இழுவை கூடும். அந்த லோரிக்கு இன்டர்கூலர் அவசியமான உறுப்பு.

இதே விஞ்ஞானத்தைச் சொல்லித்தான் டர்போவே இல்லாத மைவி, சாகா காடிகளுக்கும் திறந்த ஃபில்டரையும் 'கோல்ட் ஏர்' குழாயையும் விற்கிறார்கள். வாங்குபவர்களில் பலர் அப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கிய நம் பிள்ளைகள். அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

உள்ளே போகும் காற்று 60 டிகிரியிலிருந்து 35க்கு இறங்கினால் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு கூடும். அது உண்மை. ஆனால் கிள்ளானில் நண்பகல் வெயிலே 33 டிகிரி. வெறும் குழாய் எதுவும் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தராது. தொழிற்சாலையில் பொருத்திய காற்றுப் பெட்டி பெரும்பாலும் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பானெட்டுக்கு உள்ளேயே திறந்த ஃபில்டரை வைத்தால், நெரிசலில் நிற்கும்போது அது எஞ்சினின் அனலையே உறிஞ்சும். சூட்டை உணர்ந்த காடியின் கணினி எஞ்சினைக் காப்பாற்றத் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், சக்தி இறங்கும். சத்தம் மட்டும் கூடும், காது அதை வேகம் என்று நம்பிவிடும்.

பட்டறையில் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிக் காட்டும் எண்ணையும் அப்படியே ஏற்காதீர்கள். பானெட்டைத் திறந்துபோட்டு, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டு எடுத்த எண் சாலையில் கிடைக்காது. மலிவான ஓபிடி கருவி ஒன்றைச் செருகினால் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் அதே சாலையில், அதே நேரத்தில், பானெட்டை மூடி ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு ஆபத்து பெரியது. குளிர்ந்த காற்றுக்காகச் சிலர் குழாயைப் பம்பருக்கடியில் இறக்கிவிடுகிறார்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் மறக்கவில்லை. தாழ்ந்த குழாய் தேங்கிய தண்ணீரை உறிஞ்சினால், சிலிண்டரில் நீர் நசுங்காது. கனெக்டிங் ராட் வளையும், எஞ்சின் போகும். வெள்ளச் சேதத்துக்கான பாதுகாப்பைக் கூடுதல் கட்டணம் கட்டிக் காப்புறுதியில் சேர்த்திருந்தால்தான் இழப்பீடு பற்றிப் பேசவே முடியும். செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் மறைத்திருந்தால் அதிலும் சிக்கல். டர்போ பொருத்துவது, எஞ்சின் மாற்றுவது போன்ற பெரிய வேலைக்கு சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜே.பி.ஜே.) ஒப்புதலும் பரிசோதனையும் வேண்டும்.

ஏமாந்துவிட்டால்? 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான வாக்குறுதியைத் தடுக்கிறது. வேலையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்கிறது. சொந்தப் பயன்பாட்டுக் காடி என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுக்குள். வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை மதிக்காத கடைக்காரர் குற்றம் செய்தவராகிறார். காப்புறுதித் தகராறுக்கு, நிறுவனத்திடம் முதலில் முறையிட்டுப் பலனில்லையென்றால், நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவை இருக்கிறது.

நடுவர் மன்றத்தில் வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம். "பத்துக் குதிரைசக்தி கூடும் தம்பி" என்று கடைக்காரர் சொன்னால், அதை ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவரிடம் பணம் கட்டாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமென்றால், கழற்றிய பழைய காற்றுப் பெட்டியைப் பட்டறையில் விட்டுவிடாமல் ஒவ்வொரு கிளிப்போடும் வீட்டுக்கு எடுத்துவந்து வையுங்கள்; உத்தரவாதக் கோரிக்கையின்போதும் காடியை விற்கும்போதும் அதைத்தான் தேடுவீர்கள்.